வெள்ளிக்கிழமைப் பாசி

என் வேலை கோட்டு வாங்கி வைப்பது. எங்கள் ஊர் கரகாந்தாவில் வருஷத்தில் ஆறு மாதம் குளிர். கல்யாண மண்டபத்துக்கு முன்னூறு பேர் வந்தால் முன்னூறு கோட்டு. வாங்க வேண்டும், மாட்ட வேண்டும், எண் போட்ட வில்லையைக் கையில் கொடுக்க வேண்டும், போகும்போது திருப்பித் தர வேண்டும். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரேதான் அந்தக் கண்ணாடித் தொட்டி. அதனால் மர்ஜானின் நான்கு வருஷத்தை என்னைப் போல முழுதாகப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. இப்போது அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன தெரியும்!

தொட்டியில் இரண்டாயிரம் லிட்டர் உப்புத் தண்ணீர். உள்ளே பாறை, பாறை மேல் பவளம், மஞ்சள் மீன்கள், பாறைப் பொந்தில் பாம்பு மாதிரி ஒரு விலாங்கு மீன். எங்கள் ஊரிலிருந்து கடல் என்று ஒன்றைப் பார்க்க அக்தாவுக்கு மூன்று நாள் ரயிலில் போக வேண்டும். அந்தக் கடலில்கூட இந்த மீன்களுக்குப் போதுமான உப்பு கிடையாதாம். மர்ஜான் சொல்வாள்: "அக்கா, நம்ம தொட்டி அக்தாவை விட அசல் கடலு." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் கர்வம் இருக்கும்.

அவளை இதில் மாட்டிவிட்டவள் நான். மண்டபத்தின் முதலாளி சைசென்பெக். பெரிய மனிதரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வராது, அதனால் சேக்கே. வாலிபத்தில் மல்யுத்த வீரர், இன்றைக்கும் கழுத்து தலையை விட அகலம். மாஸ்கோவிலிருந்து ஓர் ஆள் வந்து தொட்டியைக் கட்டினான், இரண்டு வாரம் இருந்தான், விமானம் ஏறிவிட்டான். சேக்கே எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, "யாருக்காவது தண்ணியப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டார். மர்ஜான் அப்போது மண்டபத்தில் மேஜை விரிப்புகளுக்குப் பொறுப்பு. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் குப்பியும் கையுமாக இருந்தவள். அதை மூடியதும் விரிப்பு மடிக்க வந்தாள். வாயைத் திறக்காமல் நின்றாள். நான்தான் விலாவில் ஓர் இடி இடித்தேன். அவள் ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள்.

"பேரு என்னம்மா?"

"மர்ஜான்."

சேக்கே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எங்கள் பாஷையில் மர்ஜான் என்றால் பவளம். "பவளத்தப் பாத்துக்கப் பவளமே வந்திருச்சு! இனி எனக்கென்ன கவலை? தங்கச்சி, இந்தத் தொட்டி உனக்கு அமானத்."

அந்தச் சொல்லை அவர் லேசாகத்தான் சொன்னார். அவளுக்கு முகம் செத்துவிட்டது. பிறகு, எல்லோர் முன்னாலும், "வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

அமானத் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் வாங்கிய மாதிரியே திருப்பிக் கையில் கொடுக்கும் வரை அதை விட்டு நகர முடியாது. கொடுத்தவர் "மனசு நெறஞ்சுது" என்று சொன்னால்தான் விடுதலை. மர்ஜானின் அப்பாவிடம் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பெண் குதிரையை அமானத்தாக விட்டுப் போனார். அது ஏரிப் பனி உடைந்து மூழ்கிப் போனது. பனிக்காலத்து இறைச்சிக்காக அப்பாவே அறுத்துவிட்டு ஏரி மேல் பழி போட்டார் என்று ஊர் பேசியது. சாகும் வரை அந்த மனிதனுக்குப் பெயர் 'அமானத் தின்றவன்'. பள்ளிக்கூடத்தில் மர்ஜானை 'தின்றவன் மகள்' என்றுதான் கூப்பிட்டார்களாம். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், தேநீரைக் கலக்கிக்கொண்டே. விலாவில் இடிப்பதற்கு முன்பே தெரிந்திருந்தால் இடித்திருக்க மாட்டேன்.

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. காலையில் வந்து தண்ணீரின் சூடு பார்ப்பாள், உப்பு பார்ப்பாள், கண்ணாடி துடைப்பாள், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். மாப்பிள்ளையும் பெண்ணும் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மர்ஜான் என் மேஜையில் சாய்ந்துகொண்டு, "பொண்ணு அழகா, என் மீனு அழகா?" என்று கேட்பாள். பாதி நாள் மீன்தான் அழகு.

போன வருஷம் அக்டோபரில் அது வந்தது. முதலில் மணல் மேல் பீட்ரூட் சாறு சிந்திய மாதிரி ஒரு கறை. நான்கு நாளில் கறை விரிப்பாகிவிட்டது. கருஞ்சிவப்பு, வழவழவென்று, மூக்குச்சளி மாதிரி. மதியம் விளக்கு ஏறினால் அதன் மேல் சின்னச் சின்னக் குமிழ் நிற்கும். காலையில் பார்த்தால் குறைந்திருக்கும், சாயங்காலத்துக்குள் பழையபடி மூடிவிடும். அவள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, வாளியில் இறக்கி, அந்தப் படலத்தை மணலிலிருந்து துண்டு துண்டாக இழுத்து எடுப்பாள். பவளக் கிளைகளுக்கு நடுவில் இருப்பதை ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் பீச்சி ஊதித் தள்ளுவாள். இரண்டு மணி நேரம் முழங்கை வரை உள்ளே விட்டபடி நிற்பாள். எடுத்து முடித்த மூன்றாம் நாள் மறுபடியும் சிவப்பு.

அதே மாதம் அவள் மகள் தோக்ஜான் அக்தாவிலிருந்து போன் செய்தாள். பிள்ளை உண்டாகியிருக்கிறது, பிப்ரவரி கடைசியில் பேறு. மாமியார் கிடையாது. புருஷன் எண்ணெய்க் கிணற்றில் மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறவன். பேறு விழுவது அவன் இல்லாத மாதத்தில். "அம்மா, நீ வந்துருவல்ல?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. மர்ஜான் நவம்பரில் சேக்கேயிடம் போய் நின்றாள்.

"போம்மா, யாரு வேணாம்னா?" என்றார் அவர். "பொண்ணுக்குப் பிரசவம்னா அம்மா போகாம? நான் எப்படிக் குடுத்தேனோ அப்படிக் கையில குடுத்துட்டுப் போ."

அவ்வளவுதான். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. சிரித்துக்கொண்டே பூட்டிவிட்டார்.

அதன் பிறகு அவள் செய்யாதது இல்லை. மீன்களுக்குத் தீனியைப் பாதியாக்கினாள், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆக்கினாள். தண்ணீர் வடிகட்டியை மாற்றினாள். வேறு மூட்டை உப்பு வரவழைத்தாள். படலம் ஓட்டமில்லாத மூலையில்தான் ஒட்டும் என்று பம்புகளை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். விளக்கு நேரத்தைக் குறைத்தாள். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தால் பாஸ்பேட் என்று ஒன்று நீலமாகக் காட்டும். நீலம் கறுக்கக் கறுக்கப் பாசிக்குக் கொண்டாட்டம். வாரம் முழுக்க அதை இறக்குவாள். சனிக்கிழமை காலையில் பார்த்தால் ஏறியிருக்கும். "சனிக்கிழம மட்டும் ஏன் அக்கா?" என்று என்னிடம் கேட்பாள். எனக்கு என்ன தெரியும் என்று கையை விரிப்பேன்.

இப்போது நான் ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மர்ஜானுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து மண்டபம் காலியாக இருக்கும் நேரத்தில் சேக்கே வருவார். கையில் பூப்போட்ட பெரிய கிண்ணம், மேலே தட்டு மூடியிருக்கும். ஏணிப்படியில் ஏறி, மூடியைத் தள்ளி, விலாங்கின் பொந்துக்கு நேர் மேலே கிண்ணத்தைச் சரிப்பார். பால். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் நாங்கள் அடிப்பதில்லை. தலையில் பால் ஊற்றினால் அது மனம் குளிர்ந்து தன் வழியே வெளியே போய்விடும். மாஸ்கோக்காரன் அந்த விலாங்கைத் தொட்டியில் விட்ட நாளிலிருந்து எங்களில் பாதிப் பேருக்கு அது பாம்பாகத்தான் பட்டது. செப்டம்பரில் சேக்கேயின் இளைய மகனுக்கு நிச்சயமான கல்யாணம் முறிந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் முதல் கிண்ணத்தோடு வந்தார். அப்பாடா, யாராவது ஒருவர் செய்தாரே என்றுதான் நான் நினைத்தேன்.

டிசம்பரில் மர்ஜான் எல்லோரையும் நிறுத்திக் கேட்டாள். சேக்கேயும் இருந்தார்.

"தொட்டியில யாராவது எதாவது போட்டீங்களா? சோப்பு, சோறு, சாராயம், காசு? கோவிக்க மாட்டேன், சொல்லிருங்க."

இல்லை என்றார்கள் சமையல்காரர்கள். இல்லை என்றார் சேக்கே. இல்லை என்றேன் நானும். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. பாலை நாங்கள் 'வெள்ளை' என்போம். கீழே சிந்தினால் மிதிக்க மாட்டோம், விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வோம். அதைப் போய் சோப்போடும் சாராயத்தோடும் சேர்த்து யாராவது 'எதாவது' என்று நினைப்பார்களா? சேக்கேவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஜனவரியில் தோன்றியது. தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கிற குழாய் ஒன்று தொட்டிக்குப் பின்னால் உண்டு. ஒரு சனிக்கிழமை அது பொங்கி வழிந்துவிட்டது. அவள் அந்த நுரைக் கோப்பையைக் கழற்றி வந்து என் மூக்கின் கீழ் நீட்டினாள்.

"மோந்து பாருங்கக்கா. இது என்ன வாடை?"

கழுவாத பால் பாத்திரத்தின் புளித்த வாடை. சேக்கேயின் கிண்ணம் கண் முன்னால் வந்து நின்றது.

"குழாய் மக்கியிருக்கும்டி," என்றேன்.

இதுதான் பொய். சேக்கேவுக்குப் பயந்து சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம், உண்மை அதுவல்ல. என் புருஷன் போய் ஒன்பது வருஷம். மகன் கொரியாவில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான். மதியம் மூன்று மணிக்கு மர்ஜான் என் மேஜைக்கு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்பாளே, அதுதான் எனக்கு நாள். பாசி போனால் அவளும் போய்விடுவாள். அதனால் மூன்று வெள்ளிக்கிழமை என் எதிரிலேயே பால் ஊற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் அவள் பாதியாகிவிட்டாள். சிவப்புப் படலம் மூளை மாதிரி மடிந்திருக்கும் பெரிய பவளத்தின் மேல் ஏறியது. படலத்தை உரித்தால் அடியில் பவளம் வெளுத்து எலும்பு தெரிந்தது. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் விலாங்கு தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும்.

"இதுக்குப் பொறந்த ஊரு எதுன்னே தெரியாதுக்கா," என்றாள் ஒரு நாள். "சுத்திச் சுத்தி வந்து பாக்குது. நாலு பக்கமும் கண்ணாடி."

"போட்டுட்டுப் போடி! தொட்டியாவது, மண்ணாவது! உன்ன யாரு கட்டி வெச்சிருக்கா?"

"போனா என்னன்னு பேர் வரும், தெரியும்ல? அப்பனுக்குப் பொண்ணு தப்பாமப் பொறந்திருக்கும்பாங்க."

பிப்ரவரி இரண்டாம் வாரம் தோக்ஜானுக்குக் கால் வீங்கிவிட்டது. பேறு முந்தலாம் என்று மருத்துவர் சொன்னாராம். மர்ஜான் கடைசியாக ஒரு வழியைப் பிடித்தாள். மூன்று நாள் முழு இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் போகாமல் தொட்டியை மூடினால் பாசி பசியில் செத்துவிடும், பவளம் தாங்கும். மண்டபத்துப் போர்வைகள் போதவில்லை. வருஷக்கணக்காக யாரும் திரும்பி வந்து கேட்காத கோட்டுகள் என்னிடம் பதினேழு கிடந்தன. எடுத்துக் கொடுத்தேன். ஒன்று குறைந்தது. தன் கோட்டையே கழற்றி மூலையில் சொருகினாள். நரித்தோல், ஆட்டுத்தோல், ஒரு போலீஸ்காரன் கோட்டு எல்லாமாகச் சேர்ந்து தொட்டி ஏதோ கூட்டம் போட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை மூடினாள். வெள்ளிக்கிழமை விடுமுறை எடுக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் பம்பு இருக்கும் சந்தில் ஒரு மெத்தையைப் போட்டுப் படுத்துவிட்டாள். இது சேக்கேவுக்குத் தெரியாது. மதியம் அவர் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது நான் வணக்கம் சொன்னேன், கோட்டை வாங்கி மாட்டினேன், வில்லைகூடக் கொடுத்தேன். மர்ஜான் உள்ளே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை. நான்கு வருஷத்தில் நான் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஏணியில் ஏறினார். ஆட்டுத்தோல் கோட்டை விலக்கி, மூடியைத் தள்ளி, கிண்ணத்தைச் சரித்தார்.

"போயிடுப்பா," என்றார். அந்தக் கழுத்திலிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று நான் நினைத்ததே இல்லை. "உன் வழி வெள்ளையா இருக்கட்டும். எம்பையன விட்டுரு. நானும் மாசக்கணக்கா ஊத்தறேன். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து மர்ஜான் எழுந்தாள். தலை கலைந்து, கை முழங்கை வரை சிவந்து, பேய் மாதிரி. சேக்கே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மிச்சப் பால் நரித்தோல் மேல் கொட்டியது.

"எவ்ளோ நாளா சேக்கே?"

"வெள்ளைதானேம்மா. வெள்ளைதானே ஊத்துனேன்."

"வாராவாரமா?"

"ஒரு வாரம் தவறுனதில்ல," என்றார், அதில் கொஞ்சம் பெருமையோடு.

மர்ஜான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உப்ப மாத்துனேன். வடிகட்டிய மாத்துனேன். மீனப் பட்டினி போட்டேன். நீங்க பாசிக்குப் பால் குடுத்து வளத்துருக்கீங்க."

"பாம்பு போக மாட்டேங்குதே, தங்கச்சி."

"அது மீனு, சேக்கே."

"மீனுக்கு எதுக்கும்மா அந்த மூஞ்சி?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "சரி, பாம்புன்னே வெச்சுக்கங்க. அது எப்படிப் போகும்? கதவு எங்க வெச்சிருக்கீங்க அதுக்கு?"

சேக்கே தொட்டியைப் பார்த்தார். நான்கு பக்கமும் பார்த்தார். இத்தனை மாதத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மெதுவாக இறங்கி வந்தார்.

"உம்பொண்ணுக்கு எப்ப?"

"எந்நேரமும். ரயிலே மூணு நாளு."

"போ. நான் கெடுத்தத நீ எதுக்குச் சுமக்கற? மனசு நெறஞ்சுது. ஒரின்ஷா, நீ சாட்சி. மனசு நெறஞ்சுது."

நான் தலையாட்டினேன். ஆனால் மர்ஜான் எழுந்திருக்கவில்லை. "உங்க கையில எப்படிக் குடுப்பேன்? அடுத்த வெள்ளி மறுபடி ஊத்துவீங்க."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஊத்துவேன்தான்," என்றார் தரையைப் பார்த்து. "பயமா இருக்கும்மா."

அமானத் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போக வேண்டும், தரையில் வைத்துவிட்டுப் போக முடியாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? எனக்குக் கோட்டுதான் தெரியும்!"

மர்ஜான் என் மேஜைக்கு வந்தாள். சேக்கேவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அந்த நுரைய மோந்தப்பவே உங்களுக்குத் தெரியும்லக்கா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"வாங்கிக்கிட்டேன்," என்றேன்.

ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். குழாயை எப்படி உறிஞ்சுவது, உப்புத் தண்ணீர் வாய்க்குள் வராமல் எப்போது நிறுத்துவது, எந்தச் சொட்டு மருந்து எத்தனை துளி. நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அவள் கோட்டு உப்புத் தண்ணீரில் ஊறிக் கனத்துக் கிடந்தது, அதனால் என்னுடையதைக் கொடுத்தேன். கதவைத் திறந்தபோது பனிக்காற்று உள்ளே வந்தது. "நாப்பது நாள்க்கா. கொழந்தைக்கு நாப்பது முடிஞ்சதும் வந்துருவேன்," என்றாள். பேறுக்கு ஒரு நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண் குழந்தை.

பாசி உடனே போகவில்லை. மறுநாள் கோட்டுகளை எடுத்தேன், தண்ணீரில் கால்வாசி மாற்றினேன். மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு. உறிஞ்சினேன், பீச்சினேன், திட்டினேன். ஏழு வாரம் ஆனது. சேக்கே இன்னமும் வெள்ளிக்கிழமை கிண்ணத்தோடு வருகிறார். போகிறவனுக்கு வழி வாசல்தானே என்று சொல்லி வாசற்படியில் ஊற்ற வைத்துவிட்டேன். காவல்காரனின் நாய் நக்கிவிட்டுப் போகும். விலாங்கு பொந்தில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் பாறை முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் பவளம் போய்விடும்.

ஆகஸ்டில் மகன் கொரியாவுக்கு வந்து ஒரு மாதம் இரு என்றான், டிக்கெட் எடுக்கிறேன் என்றான். தொட்டியை யாரிடம் கொடுப்பது? சமையல்காரர்களைக் கேட்டேன். எல்லோருக்கும் அன்றைக்கென்று அவசர வேலை வந்துவிட்டது.

இது நவம்பர். நேற்று மதியம் மூன்று மணிக்கு மர்ஜான் வீடியோவில் போன் செய்தாள். கொழுகொழுவென்று ஒன்பது மாதப் பேத்தி மடியில். "தொட்டியக் காட்டுங்கக்கா," என்றாள். போனைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளை மணல், துடைத்த கண்ணாடி, வெளுத்துப் போயிருந்த பவளத்தின் ஓரத்தில் எலும்பின் மேல் புதிதாகப் பச்சைச் சதை. அவள் முகத்தைத் திரைக்கு நெருக்கிக் கொண்டுவந்து பார்த்தாள்.

"என்னை விட நல்லா வெச்சிருக்கீங்க," என்றாள்.

"எப்படி வாங்குனனோ அதை விட நல்லா இருக்குடி. வந்து வாங்கிக்க. எப்ப வர்ற?"

"கொழந்த அழுவுதுக்கா, அப்பறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

குழந்தை அழவில்லை. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.